முடியாத செப்டம்பர்

எண்பதுகளில் இணையத்தில் புழங்கியவர்களுக்குச் செப்டம்பர் மாதம் என்றாலே ஒரு சலிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு தொடங்கும் காலம் அது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குக் கல்லூரியே ஒரு கணினிக் கணக்கு கொடுக்கும். வாங்கிய கையோடு யூஸ்நெட்டுக்குள் குதிப்பார்கள். நூறு பேர் ஏற்கெனவே கேட்ட கேள்வியைக் கேட்பார்கள். சமையல் குழுவில் போய் கார் விற்பார்கள். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தட்டி, ஊரைக் கூட்டுவது மாதிரி கத்துவார்கள். பழைய ஆட்கள் முதலில் திட்டுவார்கள், அப்புறம் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த செப்டம்பர் வரை நிம்மதி.

யூஸ்நெட்டை இப்போது படிப்பவர்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தலைப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட குழுக்கள். ஒருவர் ஒன்றை எழுதினால், இணைந்திருக்கும் கணினிகளுக்கெல்லாம் அதன் நகல் போய்ச் சேரும். அதை ஆரம்பித்தவர்களும் மாணவர்கள்தான். 1979-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்தார்கள். பக்கத்திலிருந்த வட கரோலைனா பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. மாணவர் ஒருவருக்குச் சீனியர் மாணவர்தான் வாத்தியார்.

1993-ஐ ஒட்டி இந்த ஏற்பாடு உடைந்தது. மாதச் சந்தா வாங்கி இணைய இணைப்பு கொடுத்த வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. இப்போது புது ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரவில்லை, தினமும் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. அந்த ஆண்டின் செப்டம்பர் இன்னும் முடியவே இல்லை என்று பழைய ஆட்கள் கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ‘முடியாத செப்டம்பர்’ என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

வாயால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை 1995 அக்டோபரில் எழுதியே வைத்தார்கள். ஆர்.எஃப்.சி. 1855 என்ற எண் கொண்ட ஆவணம் அது. தொகுத்தவர் சாலி ஹாம்ப்ரிட்ஜ். இன்று எடுத்துப் படித்தாலும் ஆச்சரியமாக இருக்கும். அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலில் எழுதாதே என்கிறது. கோபத்தில் எழுதிய பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் அனுப்பு என்கிறது. நம் பாட்டிகள் சொல்வதுதான். ஆனால் ஒரு பாட்டியும் இல்லாத ஊரில் அதை யாராவது எழுதிவைத்துத்தானே ஆக வேண்டும்?

‘டிஜிட்டல் எழுத்தறிவு’ என்று இன்று பாடத்திட்டங்களில் வரும் சொல்லுக்கு நான் வைத்திருக்கும் வரலாறு இங்கே தொடங்குகிறது. இணையத்தில் ஒரு மாணவர் யார், அவருடைய பெயர் எங்கே எழுதப்படுகிறது, அதை யார் படிக்கிறார்கள் என்ற கேள்விகள் இன்ஸ்டாகிராமோடு பிறந்தவை அல்ல. குறைந்தது நாற்பது வருடப் பழசு. அந்த நாற்பது வருடத்திலும் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் நடந்திருக்கிறது: சின்ன அறையில் பேசியதைப் பிறகு யாரோ பெரிய மண்டபத்துக்குத் தூக்கிப்போய் வைத்திருக்கிறார்கள். பேசியவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

நாடாவில் தங்கிய பேச்சு

யூஸ்நெட்டில் எழுதிய மாணவர்கள் தங்கள் எழுத்து சில வாரங்களில் அழிந்துவிடும் என்று நம்பினார்கள். நம்பியதில் தப்பில்லை. அன்றைய கணினிகளில் இடம் குறைவு. பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம். டீக்கடை பெஞ்சில் பேசுவது மாதிரி, பேசினோம், எழுந்து போனோம் என்று இருந்தார்கள். தங்கள் சொந்தப் பெயரிலேயே, பல்கலைக்கழக முகவரியோடு எழுதினார்கள். காதல் தோல்வி, மதச் சண்டை, பேராசிரியர் மேல் எரிச்சல், எல்லாம் அதில் உண்டு. தொண்ணூறுகளில் சோக்.கல்ச்சர்.தமிழ் என்றே ஒரு குழு இருந்தது. கடல் கடந்து படிக்கப்போன நம் ஆட்கள் இட்லி மாவு பொங்காததிலிருந்து ஈழம் வரைக்கும் அடித்துக்கொள்ள அப்படி ஒரு திண்ணை தேவைப்பட்ட காலம்.

ஆனால் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் என்று ஒருவர் இருந்தார். அவர் அந்தப் பேச்சுகளைக் காந்த நாடாக்களில் சேமித்து வந்தார். 1995-இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் யூஸ்நெட்டைச் சேமித்து, தேடிப் பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. 2001-இல் கூகிள் அந்தச் சேமிப்பை வாங்கியது. அந்த வருடக் கடைசியில் ஸ்பென்சரின் நாடாக்கள் உள்பட எல்லாவற்றையும் சேர்த்து, 1981 வரை பின்னோக்கிப் போகும் சுமார் 70 கோடிப் பதிவுகளை உலகத்துக்குத் திறந்துவிட்டது.

ஒருவர் இருபது வயதில் எழுதியது, அவருக்கு நாற்பது ஆகும்போது, பெயரைத் தட்டினால் வந்து நிற்கிறது. இதில் சதி எதுவும் கிடையாது. ஸ்பென்சரின் நாடாக்கள் இல்லையென்றால் இணையத்தின் இளம்பருவமே நமக்குக் கிடைத்திருக்காது. வரலாறு படிக்கிறவனாக நான் அவருக்குக் கடன்பட்டவன். அதே நாடாவில் யாரோ ஒரு மாணவரின் அசட்டுத்தனமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாடாதான். ஆவணத்தின் மதிப்பும் ஆவணத்தின் கொடுமையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டெஜா நியூஸ் காலத்திலேயே இதற்கு ஒரு மாற்றுவழியும் வந்தது. பதிவின் தலைப்பகுதியில் ‘எக்ஸ்-நோ-ஆர்க்கைவ்: யெஸ்’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பதிவைச் சேமிக்க மாட்டார்கள். இன்றைய ‘ப்ரைவசி செட்டிங்’குக்கு இது தாத்தா. குணமும் அப்படியே தாத்தாவுடையதுதான்: தெரிந்தவர்களுக்கு மட்டும் உதவும், தெரியாதவர்களுக்கு இருப்பதே தெரியாது. வேறு ஒருவர் உங்கள் பதிவை மேற்கோள் காட்டி எழுதிவிட்டால் அதுவும் போச்சு.

பதிவெண் எனும் போர்வை

இந்தியாவில் இணையம் முதலில் வந்து இறங்கியதும் கல்விக்கூடங்களில்தான். 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சேர்ந்த முதல் நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். மூலமாக 1995 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர் மாணவருக்கு இணையம் என்பது ஐ.ஐ.டி.யும் இல்லை, வி.எஸ்.என்.எல்.லும் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், மணிக்கு இத்தனை ரூபாய் என்று எழுதிவைத்த பிரவுசிங் சென்டர்தான்.

என் தலைமுறையில் நிறையப் பேர் அந்த மாடிப்படியை முதன்முதலில் ஏறியது ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்க. அதற்கு முந்தைய தலைமுறை மாலைப் பத்திரிகையில் பார்த்தது. பத்திரிகையில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டும் வரிசையாக அச்சாகும். பெயர் இருக்காது. தோற்றவருடைய எண் அங்கே இல்லை என்பது அவருக்கும் வீட்டுக்கும் மட்டும் தெரியும். ஊரே வாங்கிப் படித்த தாளில் ஒரு மாணவரின் மானத்தை ஓர் எண் மூடிவைத்தது. கணினித் திரையில் அந்தப் போர்வை விலகியது. எண்ணைத் தட்டினால் பெயரும் பாடவாரியான மதிப்பெண்ணும் சேர்ந்தே வந்தன. ஹால் டிக்கெட் எண் தொடர்ச்சியாகத்தான் வரும் என்பதால் முன்னால் உட்கார்ந்தவனுடையதையும் பின்னால் உட்கார்ந்தவளுடையதையும் பார்த்துவிடலாம். பார்த்தார்கள். “அவன் கணக்குல என்னடா எடுத்துருக்கான், போட்டுப் பாரு” என்ற குரலைக் கேட்காத சென்டரே இல்லை. பிறகு பிறந்த தேதியையும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரே வகுப்பில் படித்தவர்களுக்குப் பிறந்த தேதி என்ன ரகசியமா?

மின்னஞ்சல் முகவரியும் அங்கேதான் பிறந்தது. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியபோது, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் சென்டர் அண்ணன்களைத் தேடித்தான் போனார்கள். அண்ணன்தான் ஐ.டி. ‘கிரியேட்’ செய்வார். பாஸ்வேர்டை அவரே யோசித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஓ.டி.பி. வர வேண்டுமே, அதனால் சில நேரம் கைபேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கும். நல்ல மனிதர்கள்; பலர் காசுகூட வாங்கவில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அஞ்சல் பெட்டி திறக்காது. சீட்டு தொலைந்திருக்கும். மீட்பு எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்தி, கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்ட அண்ணனின் பழைய சிம்முக்குப் போகும். ஒருவருடைய அதிகாரபூர்வ இணைய அடையாளத்தின் சாவி அவரிடம் ஒருநாள்கூட இருந்ததில்லை என்பது அன்றுதான் புரியும்.

அரசு வேறு பக்கத்திலிருந்து யோசித்தது. 2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகள், அடையாள அட்டை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதே என்றன. பள்ளி, கல்லூரி அடையாள அட்டையும் செல்லும். யார் எந்தக் கணினியில் எப்போது உட்கார்ந்தார் என்ற பதிவேட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். பார்த்த தளங்களின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும். கணினிகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. அந்த நாலரை அடியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உட்கார்ந்தால் மறைக்கும், எழுந்தால் காட்டிவிடும். இணையத்தில் மாணவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தனிமையின் உயரம் எவ்வளவு என்று கேட்டால் அளந்தே சொல்லலாம்.

அடையாள அட்டையிலிருந்து முகப்புத்தகம்

சென்டரின் பதிவேடு கடைக்காரரின் மேஜைக்குள் இருந்தது. இன்னொரு பதிவேடு உலகம் முழுக்கப் பரவியது. அதுவும் ஒரு கல்லூரி அடையாள அட்டையிலிருந்துதான் கிளம்பியது.

2003-இன் இறுதி, ஹார்வர்ட் பல்கலைக்கழகம். அங்கே ஒவ்வொரு விடுதி இல்லத்துக்கும் ஒரு ‘ஃபேஸ்புக்’ உண்டு. புது மாணவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள, படமும் பெயரும் போட்ட கையேடு. அது அப்போது கணினிக்கு வந்திருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் மார்க் ஸக்கர்பெர்க் அந்தப் படங்களை அனுமதியில்லாமல் எடுத்து, இரண்டிரண்டாக நிறுத்தி, இதில் யார் அழகு என்று வாக்களிக்கச் சொல்லும் ‘ஃபேஸ்மாஷ்’ தளத்தைச் செய்தார். ஓரிரு நாளில் சுமார் 450 பேர் வந்து 22,000 வாக்குகள் போட்டதாக மாணவர் பத்திரிகையான ‘ஹார்வர்ட் கிரிம்ஸன்’ எழுதியது. லத்தீன் அமெரிக்க மாணவர்களின் அமைப்பும் கறுப்பினப் பெண் மாணவர்களின் அமைப்பும் எதிர்த்தன. தளம் மூடப்பட்டது. நிர்வாகக் குழு முன்னால் அவர் நிற்க வேண்டி வந்தது.

அடுத்த பிப்ரவரி 4 அன்று ‘தஃபேஸ்புக்’ வந்தது. ஹார்வர்ட் மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே போக முடியும். அந்தச் சுவர்தான் அதன் கவர்ச்சி. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நம்ம கல்லூரி, சொந்தப் பெயரில் இருக்கிறார்கள், எனவே தைரியமாகக் கைபேசி எண்ணைக்கூடப் போடலாம். சுவரை நம்பிப் பேசினார்கள். சுவர் நகர ஆரம்பித்தது. முதலில் மற்ற பல்கலைக்கழகங்கள். 2005 செப்டம்பரில் பள்ளி மாணவர்கள். 2006 செப்டம்பர் 26 அன்று 13 வயதைக் கடந்த யாருக்கு வேண்டுமானாலும் கதவு திறந்தது. மறுபடியும் செப்டம்பர்!

அதே மாதம் 5-ஆம் தேதி ‘நியூஸ் ஃபீட்’ வந்தது. அதுவரை ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது அவர் செய்ததெல்லாம் உங்கள் முகப்பில் வந்து குவிந்தது. யார் காதலை முறித்துக்கொண்டார் என்பது முதற்கொண்டு. எதிர்ப்புக் குழு ஒன்றில் சில நாட்களிலேயே லட்சக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தார்கள். புதிதாக எதையும் வெளியிடவில்லையே, ஏற்கெனவே தெரிந்ததைத்தானே காட்டுகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். அது உண்மைதான். மாணவர்களின் கோபமும் நியாயம்தான். பக்கத்து வீட்டில் நடப்பது நமக்குத் தெரியும் என்பதும், அதைத் தண்டோரா போட்டுச் சொல்வதும் ஒன்றா?

நம் ஊர் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது ஆர்குட். 2004-இல் கூகிள் தொடங்கி, பிரேசிலும் இந்தியாவும் தூக்கிச் சுமந்து, 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்ட தளம். ஒருவருக்கு எழுதும் ‘ஸ்க்ராப்’பை வேறு யாரும் படிக்கலாம் என்பதை மறந்துவிட்டு அதில் எழுதப்பட்ட காதல் கடிதங்கள் எத்தனை! அப்புறம் ‘உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள்’ என்று காட்டும் வசதி வந்தது. பார்க்கிறவர்களே பார்க்கப்பட்டபோது விடுதி அறைகளில் எழுந்த அலறல் எனக்கு இன்னும் கேட்கிறது.

இரண்டு கட்டங்கள்

இங்கே நமக்கு மட்டுமான ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினாலும் இரண்டு கட்டங்கள் வரும்: முதல் பெயர், கடைசிப் பெயர். உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற நம்பிக்கையில் வரையப்பட்ட கட்டங்கள். தமிழருக்கு இருப்பது ஒரு பெயரும், அதற்கு முன்னால் ஓர் எழுத்தும்.

அந்தக் காலியிடம் சும்மா வந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. ஈ.வெ.ராமசாமியே தன் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை எடுத்தார். மெல்ல மெல்ல அது ஊர்ப் பழக்கமானது. தெரு, பள்ளி, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் சாதி ஒட்டாத பெயரை ஒரு சமூகம் தனக்குச் செய்துகொண்டது. சாதி ஒழிந்துவிடவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதியைச் சொல்லிவிடும் வசதி இங்கே குறைந்தது. இணையப் படிவத்தின் இரண்டாவது கட்டம், யாரும் நினைத்துச் செய்யாவிட்டாலும், அந்த வசதியைத் திரும்பக் கேட்கிறது. சில பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் சாதியைப் போட்டுக்கொள்ளத் தொடங்கியதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒற்றை எழுத்தைப் போட்டார்கள், தளம் ஏற்கவில்லை. பெயரை இரண்டாக வெட்டினார்கள். ‘தமிழ்’ என்று போட்டார்கள். ஃபேஸ்புக்கில் ஒற்றைப் பெயர் வேண்டும் என்பதற்காக மொழியை இந்தோனேசிய மொழிக்கு மாற்றிய கில்லாடிகளும் உண்டு. அங்கே ஒற்றைப் பெயர் சகஜம் என்பதால் தளம் விட்டுவிடும். இது நம் தலைவலி மட்டும் இல்லை. லகோட்டா பழங்குடியினரின் பெயர்கள் போலி என்று சொல்லிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2014-இல் சான் பிரான்சிஸ்கோவின் டிராக் கலைஞர்கள் போராடிய பிறகு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

கடல் தாண்டும் மாணவருக்கு இந்தக் கட்டம் இன்னும் கடுமையானது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். அமெரிக்கப் பேராசிரியர் வகுப்பில் “மிஸ்டர் ராமலிங்கம்” என்று கூப்பிட, ஊரில் வயலில் நிற்கும் அப்பாதான் நினைவுக்கு வருவார். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர் பாடு அதைவிட வேடிக்கை. விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்கு நகர்ந்து, முதல் பெயரில் ‘எஃப்.என்.யூ.’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பல்கலைக்கழக மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, நூலக அட்டை எல்லாம் அதே பெயரில் வரும். “ஹாய் ஃப்னு” என்று தொடங்கும் மின்னஞ்சல்களோடு படிப்பை முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘உண்மையான பெயரில் மட்டும் இரு’ என்று ஒரு தளம் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. எது உண்மையான பெயர்? வீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, எழுதும்போது ஒன்று வைத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாக எழுதினார். ரங்கராஜன் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனார். யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

பூட்டும் திறப்பும்

அறைகளைப் பிரித்து வைப்பதில் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். அமெரிக்க இளையோரின் இணைய வாழ்க்கையை ஆராய்ந்து 2014-இல் புத்தகம் வெளியிட்ட டானா பாய்ட், தினமும் ஃபேஸ்புக்கை விட்டுக் கிளம்பும்போது கணக்கையே முடக்கிவிட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். தான் இல்லாத நேரத்தில் யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்பது அவளுடைய கணக்கு. நம் கல்லூரிகளில் சொந்தக்காரர்களுக்கு ஒரு கணக்கு, நண்பர்களுக்கு வேறு கணக்கு என்று வைத்திருப்பதும் இதே புத்திதான். அத்தை பார்க்கும் படம் வேறு, ஹாஸ்டல் பார்க்கும் படம் வேறு. பெண் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. படிப்பு தொடர்வதா நிற்பதா என்பதே சில வீடுகளில் இதில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும்? மூன்று சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

2012 நவம்பர். பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியது குறித்து ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். ஒரு லைக்! இதைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் 21 வயதான ஷ்ரேயா சிங்கால். 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அப்புறமும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. அந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022-இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

2017. அதே ஹார்வர்ட். சேரவிருந்த மாணவர்கள் சிலர் தனிப்பட்ட ஃபேஸ்புக் அரட்டையில் ஆபாசமான, இனவெறி கலந்த மீம்களைப் பகிர்ந்துகொண்டது வெளியே வந்தது. குறைந்தது பத்துப் பேருக்கு இடம் ரத்தானது. அவர்கள் எழுதியதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ‘தனிப்பட்ட’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் இருக்கும் அறையில் பத்து ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

மூன்றாவது, 2025 ஜூன். அமெரிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று அந்நாட்டு வெளியுறவுத் துறை அறிவித்தது. 2019-இலிருந்தே விசாப் படிவம் ஐந்தாண்டுக் கணக்குப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது பூட்டையே கழற்றச் சொன்னார்கள். என் பெரியம்மா பேத்தி அந்த வாரம் எனக்குப் போன் செய்தாள். “மாமா, ஸ்பேம் அக்கவுண்டையும் ஓப்பன் பண்ணணுமா? அதுல எங்க கேங் போட்டோ மட்டும்தான் இருக்கு. சித்தப்பா பார்த்தா அவ்ளோதான்.” அவளுக்கு அமெரிக்காவைப் பற்றிப் பயமில்லை. தூதரகத்துக்காகத் திறக்கும் கதவு வழியாகச் சித்தப்பாவும் உள்ளே வந்துவிடுவார் என்பதுதான் பயம். படிவத்தில் பொய் சொல்லாதே, அது விசாவோடு மட்டும் போகாது என்றேன். வீட்டில் யாருக்கு எதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அரை மணி நேரப் பேச்சில் இருபது நிமிடம் சித்தப்பாவைப் பற்றித்தான்.

சீனியர்கள் எங்கே?

இவற்றைப் படித்துவிட்டு, எதையும் எழுதாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று நினைத்தால் நான் சொல்ல வந்தது தவறாகப் போய்விடும். ஷ்ரேயா சிங்கால் வாயை மூடிக்கொண்டிருந்தால் 66ஏ இன்றும் இருந்திருக்கலாம். யூஸ்நெட் மாணவர்கள் பேசாமல் இருந்திருந்தால் இணையமே இந்த வடிவில் இருக்காது. இருபது வயதில் அசட்டுத்தனமாகப் பேசும் உரிமை இல்லாத சமூகத்தில் நாற்பது வயதில் புத்தியாகப் பேசுபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வேண்டியது இரண்டு. முதலாவது சட்டம். மறக்கப்படும் உரிமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கூகிளுக்கு எதிரான வழக்கில் ஏற்றது. தனிமை அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. எழுத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பழைய செப்டம்பர் ஏற்பாடு. சொல்லிக்கொடுக்கும் சீனியர். இன்று ஒரு மாணவரிடம் கைபேசி இருக்கிறது, கணக்குகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. பள்ளி ‘ஜாக்கிரதை’ என்று ஒரு நாள் கூட்டம் போட்டு முடித்துவிடுகிறது. சீனியர் சொல்ல வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். உன் மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது? மாற்று. கல்லூரி கொடுத்த முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். வங்கியையும் சான்றிதழையும் அதில் கட்டாதே. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் உன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே சரிசெய். விசா வாரத்தில் முடியாது. ஒரு பாஸ்வேர்டை எல்லா வீட்டுக்கும் சாவியாக்காதே. எழுதுவதற்கு வேறு பெயர் வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள். ஆனால் அந்தப் பெயரில் எழுதுவதும் உன் கை என்பதை நினைவில் வை. இன்றைக்கு நாலு பேர் இருக்கும் அறையில் பேசு, தப்பில்லை. ஆனால் அந்த அறையின் சுவர் வேறு யாருக்கோ சொந்தம் என்று தெரிந்து பேசு.

இதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. ஒரு வருடம் முன்னால் அடிபட்டவர் போதும். இரண்டாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆகிவிடும். நம் கல்லூரிகளில் வகுப்புகள் தொடங்குவது செப்டம்பரில் இல்லாவிட்டால் என்ன, தொடங்குகிற மாதத்தைச் செப்டம்பராக வைத்துக்கொள்ளலாம்.